சல்லிவனுக்கு 700 ஆண்டுக்கு முன்பே நீலகிரி ஏறிய படை... யார் இந்த ஹொய்சால மன்னர் விஷ்ணுவர்தன்?

ஊட்டின்னு சொன்னாலே அடுத்து வரும் பெயர் ஜான் சல்லிவன். 1819-ல் மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர், ஏரி வெட்டியவர், கல் வீடு கட்டியவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். ஊட்டியைக் கண்டுபிடித்தவர் என்றே அவரைச் சொல்பவர்களும் உண்டு.

ஆனா அதற்கு 702 ஆண்டுகளுக்கு முன்பே, 1117-ல், ஒரு படை இந்த மலைக்குள் நுழைந்தது. அந்த மலைக்கு அப்போதே நீலகிரி என்ற பெயர் இருந்தது. மலையில் ஏற்கனவே தோதவர்கள் வாழ்ந்தார்கள். இதெல்லாம் கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கல் இருக்கும் இடம் ஊட்டி இல்லை. முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை தாண்டிப் போனால் வரும் சாம்ராஜ்நகர்.

அந்தப் படையை அனுப்பிய மன்னர்தான் விஷ்ணுவர்தன். பேலூர் சென்னகேசவர் கோயிலைக் கட்டிய அதே ஹொய்சால மன்னர். தமிழ்நாட்டில் போசளர் என்று பாடப்புத்தகத்தில் படித்த வம்சம்.

தம்பியாகப் பிறந்தவர்

விஷ்ணுவர்தனின் முதல் பெயர் பிட்டிதேவன். அப்பா எரெயங்கன், அம்மா ஏசலதேவி. மூன்று ஆண் பிள்ளைகளில் நடுவில் பிறந்தவர். அண்ணன் முதலாம் வீர வல்லாளன், தம்பி உதயாதித்தன். நடுப்பிள்ளைக்கு அரியணை வருவது அவ்வளவு எளிதில்லை.

ஹொய்சாலர்கள் அப்போது பெரிய ராஜ்ஜியம் எல்லாம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய சிக்மகளூர் பக்கம் இருக்கும் அங்கடி என்ற ஊரில் தொடங்கிய மலைநாட்டுத் தலைவர்கள். வடக்கே கல்யாணியில் இருந்து ஆண்ட சாளுக்கியர்களுக்குக் கீழ்ப்படிந்த குறுநிலக்காரர்கள், அவ்வளவுதான். மழையும் காடும் பள்ளத்தாக்குமாக இருக்கும் நிலத்தில் சண்டை போட்டுப் பழகியவர்கள். இது பின்னாடி நீலகிரிக்குப் படை போகும்போது முக்கியமாகிறது.

1104-ல் சாந்தர வம்சத்து ஜகத்தேவன் தலைநகர் துவாரசமுத்திரம் வரைக்கும் படையோடு வந்துவிட்டான். இன்று ஹளேபீடு என்று சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் ஊர் அதுதான். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து அந்தப் படையைத் துரத்தினார்கள். அண்ணன் அதிக நாள் இருக்கவில்லை. 1108 வாக்கில் பிட்டிதேவன் அரியணை ஏறினார்.

தலைக்காடு: சோழர்கள் இழந்த ஊர்

தமிழர்களுக்கு இந்தக் கதை இங்கேதான் சூடு பிடிக்கும்.

காவிரிக் கரையில் மணல் மூடிக் கிடக்கும் தலைக்காடு அன்றைக்குச் சோழர்கள் கையில் இருந்தது. கங்கர்களிடம் இருந்து முதலாம் ராஜராஜன் காலத்தில் பிடித்தது. ஊருக்கு ராஜராஜபுரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். நூறு ஆண்டுக்கும் மேலாக இன்றைய மைசூர் வட்டாரம் சோழ ஆட்சியில் இருந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்கு இப்போதும் புதுச் செய்தியாக இருக்கும்.

1116-ல் விஷ்ணுவர்தன் அதைக் குறி வைத்தார். அப்போது சோழநாட்டை ஆண்டவர் முதலாம் குலோத்துங்கன், வயதான மன்னர். தலைக்காட்டில் சோழர் சார்பாக இருந்தவர் அதியமான். பெயரைப் பார்த்ததும் தகடூர் அதியமான் நினைவுக்கு வருகிறாரா? அந்த மரபில் வந்தவர்தான். ஹொய்சாலத் தளபதி கங்கராஜன் ஊரை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டார். அதியமான் மறுத்தார். போரில் தோற்றார்.

தலைக்காட்டைக் கொண்டவன் என்ற பொருள் தரும் தலகாடுகொண்ட என்பது அதன் பிறகு விஷ்ணுவர்தனின் அடைமொழி ஆனது. தங்கக் காசிலும் அதைப் பொறித்தார். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று சோழர்கள் போட்டுக்கொண்ட அதே பாணி. தோற்றவர்களிடம் இருந்தே பட்டம் வைக்கும் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

வெற்றிக்குப் பரிசு கேட்கச் சொன்னபோது கங்கராஜன் தனக்காக எதையும் கேட்கவில்லை. ஒரு கிராமத்தை வாங்கி சிரவணபெளகொளா கோமடேஸ்வரருக்கு எழுதி வைத்துவிட்டார். அவர் சமணர்.

இப்போ நீலகிரிக்கு வருவோம்

தலைக்காடு விழுந்ததும் தெற்கே வழி திறந்துவிட்டது. மைசூர் சமவெளியில் நின்று தெற்கே பார்த்தால் மோயாறு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் சுவர் மாதிரி எழுந்து நிற்பது நீலகிரி. அதன் மேற்கே வயநாடு வழியாகக் கேரளம், கிழக்கே இறங்கினால் கொங்கு நாடு. மலையைப் பிடிப்பதில் விஷ்ணுவர்தனுக்கு என்ன லாபம் என்றால், அதன் இரண்டு பக்கமும் இருக்கும் வாசல்கள்தான்.

இந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் புணிசன். மன்னரின் தளபதி, போர் அமைதி விவகாரங்களைப் பார்க்கும் அமைச்சரும் அவரே. 1117-ல் சாம்ராஜ்நகரில், அன்றைய பெயர் அரிகொட்டாரம், ஒரு சமணக் கோயில் எழுந்தது. அங்கே இருக்கும் கன்னடக் கல்வெட்டு புணிசன் செய்ததை வரிசையாகச் சொல்கிறது. தோதவர்களைப் பயமுறுத்தினார், கொங்கரை மண்ணுக்குள் ஒளிய வைத்தார், போலுவரை வெட்டினார், மலையாளரைக் கொன்றார், காளன் என்ற அரசனை நடுங்க வைத்தார், பிறகு நீல மலைக்குள் புகுந்து அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினார். மன்னரின் கட்டளை கிடைத்ததும் நீலகிரியைக் கைப்பற்றி, மலையாளப் படையை விரட்டி, கேரளத்துக்கும் அதிபதியாகித் திரும்பினார் என்றும் அதில் வருகிறது.

எந்தச் சிகரம்? 1908-ல் நீலகிரி மாவட்ட கெசட்டியர் எழுதிய ஃபிரான்சிஸ், அது தொட்டபெட்டாவாக இருக்கலாம், அல்லது கோத்தகிரிப் பக்கம் இருக்கும் ரங்கசாமி மலையாக இருக்கலாம் என்று நினைத்தார். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவில் இன்று தொலைநோக்கி மாடமும் சோளக்கடையும் இருக்கின்றன. அங்கே நின்று செல்ஃபி எடுக்கும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது.

நீலகிரி என்ற சொல் இதற்கும் முன்பே இலக்கியத்தில் உண்டு. சிலப்பதிகாரத்தில் வடக்கே படையெடுக்கும் சேரன் செங்குட்டுவன் வழியில் நீலகிரியில் தங்குகிறார். அது இந்த மலைதானா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சாம்ராஜ்நகர் கல்லில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. மலையின் பெயரும் தோதவரின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றனவே!

கல்லில் இல்லாதது என்ன?

தோதவர்கள் வரலாற்று ஆவணத்தில் முதன்முதலாகத் தென்படுவதே இந்த இடத்தில்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எருமை மேய்த்து, மந்து என்று சொல்லும் தங்கள் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்கள், எழுத்தில் முதலில் வருவதே பயந்தவர்களாக. எழுதியது வென்ற பக்கம். தோதவர்களிடம் எழுத்து கிடையாது. அவர்கள் உண்மையில் பயந்தார்களா, ஒளிந்தார்களா, எதிர்த்தார்களா என்பதற்கு அவர்கள் தரப்பில் கல் எதுவும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். அந்தப் பட்டியலில் கோத்தர், படுகர், குறும்பர், இருளர் என்ற பெயர்கள் கிடையாது. இதை வைத்து யார் முதலில் வந்தார்கள், யார் பிறகு வந்தார்கள் என்று சிலர் வாதம் செய்வதுண்டு. ஒரு தளபதியின் புகழுரையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி வாசிப்பது சரியில்லை. யாரை வென்றேன் என்று சொல்லிக்கொள்ள விரும்பினாரோ அவர்கள் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். பெயர் இல்லாததால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

அதே கல்வெட்டில் வேறொரு செய்தியும் இருக்கிறது, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. நொடிந்துபோன வணிகர்கள், விதைக்க நெல் இல்லாத விவசாயிகள், அதிகாரம் போய் வேலைக்காரர் நிலைக்கு வந்துவிட்ட வேடர் தலைவர்கள் என எல்லோருக்கும் இழந்ததைத் திருப்பிக் கொடுத்து புணிசன் ஆதரித்தாராம். இதுவும் புகழுரைதான், சரி. ஆனா விதை நெல் கூட மிஞ்சாத அளவுக்கு அந்த ஊர்களைப் போர் அடித்துப் போட்டிருந்தது என்பதை தளபதியின் சொந்தக் கல்வெட்டே ஒத்துக்கொள்கிறது இல்லையா?

அதே ஆண்டில் பேலூர்

புணிசன் கல்வெட்டு 1117. பேலூர் சென்னகேசவர் கோயில் எழுப்பப்பட்டதும் 1117. அன்றைக்கு அந்தக் கடவுளுக்கு வைத்த பெயர் விஜயநாராயணர். தலைக்காட்டு வெற்றியின் வாசனை பெயரிலேயே இருக்கிறது.

ஹொய்சாலக் கோயில்களில் ஒரு வீரன் புலி போன்ற ஒரு மிருகத்தைக் குத்தும் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். சளன் என்ற இளைஞன் தன் குருவைக் காப்பாற்றப் புலியை அடித்தான், அதிலிருந்துதான் ஹொய்சளன் என்ற பெயர் வந்தது என்பது கதை. பழைய கன்னடத்தில் ஹொய் என்றால் அடி. இந்தக் கதை முதலில் தென்படுவது விஷ்ணுவர்தனின் 1117 பேலூர் கல்வெட்டில்தான் என்கிறார்கள். சோழர் கொடியில் இருப்பது புலி. சோழரை வென்ற மறு ஆண்டே புலியை அடித்த கதை கல்லில் ஏறியது தற்செயலா என்று கேட்கும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். வம்சத்தின் பெயர் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே வழக்கத்தில் இருந்தது என்பதால் இந்தக் கேள்விக்கு எளிதான பதில் இல்லை.

பேலூரில் தூண்களுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மதனிகை சிற்பங்களைப் பார்த்து, இது ராணி சாந்தலை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் சாந்தலை நடனத்திலும் இசையிலும் பெயர் பெற்றவர் என்பதைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. அதே வளாகத்தில் இருக்கும் கப்பே சென்னிகராயர் கோயில் அவர் கட்டியது. சிரவணபெளகொளாவில் 1123-ல் ஒரு சமணக் கோயிலும் கட்டினார். அப்பா சைவர், அம்மா சமணர், கணவர் வைணவர், அவரோ கடைசி வரை சமணர். 1131-ல் சிவகங்கே என்ற ஊரில் மறைந்தார். மகளை இழந்த தாய் மாசிகப்பே அதன் பிறகு சிரவணபெளகொளாவில் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டார்.

மதம் மாறினாரா? சமணர்களைத் துரத்தினாரா?

விஷ்ணுவர்தனைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் அதிகம் வருவது இதுதான்.

வைணவ மரபு சொல்வது என்ன? சோழ மன்னரின் கோபத்தில் இருந்து தப்ப ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பிய ராமானுஜர், மேற்கே காட்டு வழியாகப் போனார். நீலகிரிச் சாரலில் வேடர்கள் அவரையும் சீடர்களையும் தேனும் தினையும் கொடுத்து உபசரித்தார்கள். பிறகு தொண்டனூர் வந்து சேர்ந்தார். அங்கே பிட்டிதேவனின் மகளைப் பிடித்திருந்த பீடையைத் தீர்த்தார். மன்னர் சமணத்தை விட்டு வைணவர் ஆனார், விஷ்ணுவர்தன் என்று பெயர் மாறினார். மேல்கோட்டை திருநாராயணபுரமானது.

இது பக்தி மரபில் வழிவழியாக வந்த வரலாறு. மேல்கோட்டைக்கும் ராமானுஜருக்கும் உள்ள உறவை யாரும் மறுப்பதில்லை. ஒரே நாளில் மதம் மாறினார் என்ற பகுதியில்தான் சிக்கல். பிட்டி என்பதே விஷ்ணு என்ற பெயரின் கன்னட உருமாற்றம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் பெயர் மாறவே இல்லை.

சமணர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற கதைக்கு அவர் காலத்துக் கல்வெட்டுகளே எதிர்ச்சாட்சி. மனைவி சமணர். தலைக்காடு பிடித்த கங்கராஜன் சமணர். நீலகிரி ஏறிய புணிசனும் சமணர். 1133-ல் கங்கராஜனின் மகன் போப்பதேவன் ஹளேபீட்டில் பார்சுவநாதர் கோயில் கட்டி, பூசைப் பிரசாதத்தை மன்னருக்கு அனுப்பினார். அதே சமயத்தில் மன்னருக்குப் போரில் வெற்றி கிடைத்தது, ஆண் குழந்தையும் பிறந்திருந்தது. மகிழ்ந்துபோன மன்னர் அந்தத் தீர்த்தங்கரருக்கு விஜயபார்சுவர் என்று பெயர் சூட்டினார். குழந்தைக்கும் விஜயநரசிம்மன் என்று பெயர் வைத்தார். சமணத்தை ஒழிக்கக் கிளம்பியவர் செய்கிற காரியமா இது? சைவமும் அவர் ஆட்சியில் செழித்தது. ஹளேபீட்டின் பிரம்மாண்டமான ஹொய்சளேஸ்வரர் கோயில் சிவன் கோயில், அதை எழுப்பியவர் அவருடைய அதிகாரி கேதமல்லன்.

முடியாமல் போன ஆசை

எவ்வளவு வென்றாலும் விஷ்ணுவர்தனுக்கு ஒரு ஆசை மட்டும் நிறைவேறவில்லை. சாளுக்கியர்களிடம் இருந்து முழுசாக விடுதலை பெற்றுப் பேரரசர் என்று முடிசூடணும். 1118-ல் கண்ணேகால் என்ற இடத்தில் சாளுக்கியப் பேரரசர் ஆறாம் விக்கிரமாதித்தனின் படை முகாமை கங்கராஜன் இரவோடு இரவாகத் தாக்கிச் சிதறடித்தார். நொளம்பவாடியையும் பிடித்து, அதற்கும் தனியாகத் தங்கக் காசு போட்டார்கள். கிழக்கே கோலார் பக்கம் நங்கிலி, தெற்கே கொங்கு, சேரம், ஆனைமலை என்று எல்லைகளைக் கல்வெட்டில் எழுதினார்கள். ஆனால் விக்கிரமாதித்தன் சும்மா இருக்கவில்லை. 1120-களில் விஷ்ணுவர்தன் மறுபடியும் சாளுக்கிய மேலாதிக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த மன்னர் இறந்த பிறகு திரும்பவும் வடக்கே படையெடுப்பு. கடைசிக் காலத்தில் அவர் இருந்தது தலைநகரில் இல்லை, வடக்கு எல்லையில் பங்காபுரத்தில். 1142 வாக்கில் இறந்தார் என்று ஒரு கணக்கு, 1152 என்று இன்னொரு கணக்கு. முழுச் சுதந்திரம் அவருடைய பேரன் இரண்டாம் வல்லாளன் காலத்தில்தான் வந்தது.

தமிழ்நாட்டில் விட்டுப்போன தடம்

விஷ்ணுவர்தன் சோழரிடம் இருந்து நிலத்தைப் பிடுங்கினார். அவருடைய வாரிசுகளோ சோழரைக் காப்பாற்றும் நிலைக்கு வந்தார்கள். 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜ சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தபோது, படையோடு வந்து மீட்டது ஹொய்சால இரண்டாம் நரசிம்மன். அடுத்து வந்த சோமேஸ்வரன் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில், இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் தலைநகரே வைத்துவிட்டார். அங்கே இருக்கும் போசளேஸ்வரர் கோயில் அந்தக் காலத்தது. திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜா கோபுரம் என்று பக்தர்கள் இன்றும் சொல்வது மூன்றாம் வீர வல்லாளனை. மதுரை சுல்தானுடன் நடந்த போரில் 1343-ல் அவர் கொல்லப்பட்டதோடு வம்சத்தின் கதையும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்று கோயில்களும் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கூட்டம் அங்கே போகிறது. ஊட்டியில் இருந்து மைசூர் போகும் வண்டிகளில் சாம்ராஜ்நகர் பக்கம் திரும்புபவை குறைவு.

நீலகிரியோடு ஹொய்சாலர் உறவும் 1117-ஓடு நிற்கவில்லை. மூன்றாம் வல்லாளன் காலத்தில் இந்த மலைப்பகுதி மாதவ தண்டநாயகன் பொறுப்பில் இருந்தது. குண்டல்பேட்டைக்குப் பக்கத்தில் தெரகணாம்பியில் இருந்து ஆண்ட அவருக்கு நீலகிரியை அடக்கியவர் என்று பொருள்படும் பட்டம் உண்டு. 200 ஆண்டு கழித்தும் அடக்கியவர் என்றே பட்டம் போட வேண்டியிருந்தது என்றால், மலை அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை என்றுதானே பொருள்?

பவானியும் மோயாறும் கலக்கும் இடத்தில் இருந்த டணாயக்கன்கோட்டைக்குப் பெயர் கொடுத்ததும் இந்தத் தண்டநாயகர்கள்தான். தொடக்க காலத்தில் வெள்ளைக்காரர்கள் கோத்தகிரிக்கு ஏறிய பாதைகளில் ஒன்று இந்தக் கோட்டையில் இருந்துதான் கிளம்பியது. 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடித்தபோது கோட்டையும் உள்ளே இருந்த மாதவப் பெருமாள் கோயிலும் தண்ணீருக்குள் போயின. மழை பொய்த்து நீர்மட்டம் ரொம்பவும் இறங்கும் ஆண்டுகளில் அந்தக் கோயிலின் கல் மண்டபம் சேறு படிந்து வெளியே தெரியும். செய்தி வந்ததும் சுற்றுவட்டார மக்கள் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மழை பிடித்து அணை நிரம்பினால் மறுபடியும் மூழ்கிவிடும்.